பிழையுள்ள முதல் பதிப்பு

கோயம்புத்தூரில் இறங்கிய அரைமணி நேரத்துக்குள் ஏழெட்டுப் பேர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசிவிட்டார்கள். பெட்டியைத் தூக்க வந்தவர், ஆட்டோக்காரர், வேறு விடுதிக்குப் போகச் சொன்ன வரவேற்பாளர்கூட. பினாங்கில் இருபது வருடமாகப் பழைய புத்தகக் கடை நடத்துகிறேன். அங்கே வருடம் முழுக்கக் கூட்டினாலும் இவ்வளவு மரியாதை தேறாது. முதல் நாள் எனக்கு இது பிடித்திருந்தது. இரண்டாம் நாள்தான், இத்தனை மரியாதைக்கு நடுவில் இவர்கள் 'முடியாது' என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நான் வந்தது ஒரு புத்தகத்துக்காக. என் வாடிக்கையாளர் ஒருவர் பிரெஞ்சுக்காரர். ரப்பர் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் பினாங்கிலேயே தங்கிவிட்டவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே அவர் நாட்டில் வெளியான ஒரு நாவல்மேல் அவருக்குப் பித்து. அது எந்த மொழிக்குப் போயிருந்தாலும் அந்த மொழியின் முதல் பதிப்பு அவருக்கு வேண்டும். பதினெட்டு மொழிகள் சேர்த்துவிட்டார். நாவலின் பெயரை எழுதினால் போட்டிக்கு ஆள் கிளம்பிவிடும் என்று பயப்படுவார். அதனால் நானும் எழுதவில்லை. தமிழ் மட்டும் பாக்கி.

தமிழில் அதைச் செய்தவர் கோவையில் ஒரு மில்லின் டைம் ஆபீஸ் குமாஸ்தா. இங்கிலீஷ் வழியாக மொழிபெயர்த்து, நாடு சுதந்திரம் அடைவதற்குச் சற்று முன்பு, உள்ளூர் அச்சகத்திலேயே போட்டிருக்கிறார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் இரண்டாம் பதிப்பும் வந்தது. இரண்டிலும் ஒரே அட்டை, ஒரே தாள். ஆண்டு எதிலும் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே அடையாளம் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் ஒரு படைத்தலைவர், போர்முனையில் இறந்துபோன சிப்பாயின் தாய்க்குக் கடிதம் எழுதுகிறார். பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் 'உங்கள் மகன் இறந்துவிட்டான்' என்று நேராக இருக்கிறது. தமிழ் முதல் பதிப்பில், 'தங்கள் குமாரனுக்கு உடம்பு சௌகரியமில்லை. உடனே புறப்பட்டு வரவும்' என்று இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் அதைத் திருத்திவிட்டார்கள். புத்தகம் சேர்க்கிறவர்கள் விசித்திரமான ஜாதி. பிழை இருந்தால்தான் அவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். பிரெஞ்சுக்காரர் எனக்குத் தட்டச்சு செய்து கொடுத்த பட்டியலில் தமிழுக்கு நேரே இப்படி இருந்தது: 'பக்கம் 143, பிழை. பிழை இல்லாவிட்டால் அது முதல் பதிப்பு அல்ல. வாங்க வேண்டாம்.'

முதல் நாள் கரீம் பாயைப் பார்த்தேன். கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள், பழைய பாடப்புத்தகங்களும் நோட்டுகளும் கூரை வரைக்கும் அடுக்கிய கடை. எழுபதை நெருங்கிய மனிதர். மூன்று வருடமாக எனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறவர். இந்தப் பிரதி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான். நான் போனதும் வியாபாரம் பேசவில்லை. வீட்டிலிருந்து தூக்குப்போசி வந்தது. தேங்காய்ச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். எங்கள் ஊர் தேங்காய்ச் சோற்றில் நெத்திலியும் சம்பலும் வைத்து வாழையிலைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள்; நடந்துகொண்டே தின்றுவிடலாம். பாய் வீட்டுச் சோற்றை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அதுவும் அவர் போதும் என்று சொல்லும்வரை.

சாப்பிட்டு முடித்த பிறகு கதையைச் சொன்னார். புத்தகம் வெளிவந்ததும் மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில் ஒருவர் மதிப்புரை எழுதினாராம். இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினாராம். இந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கத்தில் காய்ச்சலில் கிடப்பவனை அடுத்த பக்கத்தில் புதைத்துவிடுகிறார் என்று கேலி. அச்சகத்துக்காரர் பயந்துபோய், இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டாம் பதிப்பில் அந்த வரியை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் குமாஸ்தா எதையும் எழுதவில்லை. மில்லுக்குப் போனார், வந்தார், ஓய்வு பெற்றார், இரண்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். முதல் பதிப்பில் ஒன்றே ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். அது இப்போது பல்லடத்தில், மகள் மரகதத்திடம் இருக்கிறது.

"அந்தப் பொண்ணு குடுக்கமாட்டேன்னு உங்ககிட்டச் சொல்லாதுங்க அம்மணி. கடல் தாண்டி வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பாது. அதனால நீங்கதான் பாத்துக் கேக்கணும்" என்றார் பாய்.

கொடுக்கமாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. வியாபாரிக்கு அது நல்ல சேதி.

இரண்டாம் நாள் பல்லடம் பஸ். சூலூர் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் பிராய்லர் கோழி ஏற்றிப்போன வேன் ஒன்று பள்ளத்தில் சாய்ந்து, கூண்டுகள் உடைந்து, ரோடு முழுக்க வெள்ளைக் கோழிகள். ஓடத் தெரியாத கோழிகள். நின்ற இடத்திலேயே நின்றன. எங்கள் ஊராக இருந்தால் அரைமணியில் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருக்கும், அன்று இரவு தெருவெல்லாம் குழம்பு மணத்திருக்கும். இங்கே பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைக்கு இரண்டாகக் காலைப் பிடித்துத் தூக்கி வேன்காரரிடம் ஒப்படைத்தார்கள். கண்டக்டர் என் காலடியில் பதுங்கியிருந்த ஒன்றைக் காட்டி, எடுத்துக் கொடுங்க என்றார். எடுத்துக் கொடுத்தேன். கை நாறிய நாற்றம் அன்று முழுக்கப் போகவில்லை.

மரகதத்தின் வீடும் தறிக்கூடமும் ஒரே வளவில் இருந்தன. எட்டு விசைத்தறிகள் ஓடும் சத்தத்தில் வரவேற்பு, அறிமுகம், நான் என்ன சாதி, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை எல்லாமே கத்திக் கத்தித்தான் நடந்தன. மரகதத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த, சுறுசுறுப்பான பெண். வந்த நிமிடத்திலேயே என்னை அக்கா ஆக்கிவிட்டார். அவர் கணவர் நாச்சிமுத்து அதிகம் பேசாத மனிதர். வாங்க என்றார், உட்காருங்க என்றார், தறிக்குப் போய்விட்டார்.

அரிசிம்பருப்புச் சோறு போட்டார்கள். அரிசியையும் துவரம்பருப்பையும் சேர்த்து வேகவைத்து, மேலே நெய். பார்க்க எளிய சாப்பாடு. மூன்றாவது முறை போட்டபோதுதான் இலையை மடிக்க வேண்டும் என்பதே எனக்கு நினைவு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. எட்டுத் தறிகளும் ஒன்றாக நின்றன. திடீரென்று அவ்வளவு அமைதி. சுவர்க்கடிகாரச் சத்தம்கூடக் கேட்டது.

அந்த அமைதியில் மரகதம் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. அட்டையில் இரும்புத்தொப்பி போட்ட ஒரு தலை, பின்னால் சிவப்பு வானம். ஓரம் நறுக்காமல், பூச்சி அரிக்காமல், நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது. நேராக நூற்று நாற்பத்து மூன்றைத் திருப்பினேன். உடம்பு சௌகரியமில்லை, உடனே புறப்பட்டு வரவும்.

"இதுதான், இதேதான். பிழை அப்படியே இருக்கிறது" என்றேன் சந்தோஷமாக.

மரகதம் துணியை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, என்ன பிழை என்று கேட்டார். நான் பையிலிருந்து பட்டியலை எடுத்து, அதில் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். இந்தப் பிழைதான் இதன் மதிப்பே, பினாங்கில் இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் அட்டையில் எழுதி வைப்பார்கள் என்றும் சொன்னேன். அவரைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தை வாங்கி மறுபடியும் துணியில் சுற்றினார். நாளைக்கு வாங்கக்கா, பேசிக்கலாம் என்றார். கச்சாயம் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வெல்லம் போட்டு எண்ணெயில் பொரித்த பலகாரம், பஸ்ஸிலேயே தீர்த்துவிட்டேன்.

சாயங்காலம் கரீம் பாயிடம் எல்லாம் நல்லபடியாகப் போகிறது, நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாளைக்கு வாங்க என்றால் இன்றைக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம் என்றார். அந்தப் பெண்ணுக்கு அப்பா விட்டுப்போனது அந்த ஒரு பக்கம்தான்; ஊர் சிரித்த பக்கம்; அதையே நானும் பிழை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றார். பிழையைப் பிழை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்று கேட்டேன். பாய் எனக்கு இன்னொரு டீ சொன்னார். எரிச்சலாக வந்தது. ஒரு ஊரே இப்படிச் சுற்றி வளைத்துப் பேசினால் வெளியூர்க்காரி எப்படித்தான் பிழைப்பது.

மூன்றாம் நாள் மறுபடியும் பல்லடம். மரகதம் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போனதும் துணிப்பொதியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். விலையைப் பற்றிப் பேச்செடுத்தேன், கையசைத்து நிறுத்திவிட்டார். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், கீழே கிடந்த நூலிழைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எங்கய்யன் தப்புப் பண்ணலீங்கக்கா. அவருக்கு இங்கிலீசு நல்லாத் தெரியுமுங்க. நீங்க அட்டையில அப்பிடி எழுதாம இருந்தீங்கன்னாப் போதுமுங்க."

நான் நேர்மையாகவே பேசினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பட்டியலில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, அதை மாற்ற என்னால் முடியாது, வாங்குகிறவர் அந்தப் பிழைக்காகத்தான் வாங்குகிறார் என்று விளக்கினேன். சரிங்கக்கா என்றார். அவர் மனம் ஒப்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியாது என்பதும் தெரிந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. பொதியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. மரகதம்தான் எடுத்தார். இரண்டு முறை சரிங்க என்றார், வைத்தார். தறிக்கூடத்து வாசலில் போய் நின்று கணவரிடம் சத்தமாகச் சொன்னார். காங்கயத்தில் கட்டிக்கொடுத்திருந்த நாச்சிமுத்துவின் அக்காவுக்கு உடம்பு முடியவில்லையாம், உடனே வரச் சொன்னார்களாம்.

நாச்சிமுத்து ஒன்றும் கேட்கவில்லை. தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். எட்டும் நின்றதும் கை கழுவினார், சட்டையை மாட்டினார். மரகதம் அடுப்பை அணைத்து, சமைத்து வைத்திருந்த சோற்றை மூடினார். யாரும் சாப்பிடவில்லை. எனக்கு அதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றியது. எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். காங்கயத்திலிருந்து கோயமுத்தூருக்கு நிறைய பஸ் இருக்கிறது, நீங்களும் காரிலேயே வந்துவிடுங்கள் என்று மட்டும் மரகதம் சொன்னார். காங்கயம் காளைகளைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று ஏறிக்கொண்டேன்.

வாடகை அம்பாசிடர் பல்லடம் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை முன்னால் நின்றது. மரகதம் மட்டும் இறங்கிப் போய் ஐந்து நிமிடத்தில் ஒரு புதுச் சேலையோடு திரும்பினார். அரக்கு நிறம், பச்சைக் கரை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது பழமோ ஹார்லிக்ஸோ வாங்குவார்கள், இதென்ன சேலை என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன், பழக்கடை பக்கத்திலேயே இருக்கிறதே என்று. இருக்கட்டுங்கக்கா என்றார் மரகதம்.

வழி முழுக்க வறண்ட மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, தூரத்தில் காற்றில் சுழலும் தூசி. இரண்டு நாளாகப் பேசாத நாச்சிமுத்து அப்போதுதான் பேசினார். அக்காவுக்கு முழங்கால் வலி ரொம்ப நாளாக இருக்கிறது என்றார். இந்த முறை கோயமுத்தூருக்கே கூட்டிப்போக வேண்டும், பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், நம் வீட்டிலேயே ஒரு மாதம் இருக்கட்டும் என்றார். ஆமாங்க என்றார் மரகதம். அக்காவுக்குத் தறிச் சத்தம் ஆகாது, பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்றார் நாச்சிமுத்து. ஒழிச்சரலாமுங்க என்றார் மரகதம். சேலை அவர் மடியில் இருந்தது. நாச்சிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் பேசினார், ஒரு முறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

காங்கயத்துக்குள் நுழைந்ததும் தேங்காய்ப் பருப்பு காயும் களங்களின் வாசனை. பிறகு ஒரு தெருமுனை. முனையிலேயே பந்தலும், வெளியே போட்ட பெஞ்சுகளில் துண்டு போட்ட ஆண்களும், பறைச் சத்தமும். கார் நின்றது. நாச்சிமுத்து இறங்கினார், இரண்டடி வைத்தார். அங்கேதான் அவருடைய அழுகுரல் எழுந்தது. அவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

உள்ளே பெண்கள் வழிவிட்டார்கள். மரகதம் அந்தப் புதுச் சேலையை விரித்து, கிடத்தியிருந்த அம்மாளின் மேல் போர்த்தினார். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் இன்னொருத்தியிடம், பொறந்த ஊட்டுக் கோடி வந்திருச்சு என்றாள். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்தும் புதுத்துணி. அதை வாங்கத்தான் கார் நின்றது. அங்கேதான் நான் பழக்கடையைக் காட்டியிருந்தேன். வெட்கத்தில் எங்கே நிற்பதென்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினேன்.

என் அம்மா இறந்தபோது பினாங்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, நேரத்தோடு, நிமிடத்தோடு சொன்னார்கள். ரிசீவரை வைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு டாக்ஸியில் முக்கால் மணிநேரம் போனேன். அந்த முக்கால் மணியில் செய்வதற்கு எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. நாச்சிமுத்துவுக்குப் போன் வந்த நிமிடமே தெரியும். எனக்கு இப்போது அதில் சந்தேகமில்லை. ஆனாலும் காங்கயம் வரைக்கும் அவருக்கு ஒரு அக்கா இருந்தாள், அவளுக்கு முழங்கால் வலி இருந்தது, அவளுக்கு ஒரு அறை ஒழிக்க வேண்டியிருந்தது. அதை அவருக்குக் கொடுத்தவர்கள் போனில் இரண்டே வரி பேசியவர்கள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது மட்டும் எங்கள் ஊரிலும் உண்டு. மரகதத்திடம் எதுவும் சொல்லாமல் வெளியே வந்தேன். சொல்ல எனக்கு நிறைய இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பொதியைப் பிரித்தேன். புத்தகம் விற்கிறவளுக்குப் புத்தகம் படிக்க நேரம் ஏது; இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தின் எண்தான் எனக்குத் தெரியும். அன்றுதான் நூற்று நாற்பத்து நான்காம் பக்கத்தைப் படித்தேன். கடிதம் கிடைத்ததும் அந்தத் தாய் ரயிலேறுகிறாள். மகனுக்கு என்ன நோய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. மருந்தோ தின்பண்டமோ எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருக்கும் பயணி எங்கே போகிறீர்கள் என்று கேட்கும்போது, பையனைப் பார்க்க என்கிறாள். இறங்கியதும் வழி கேட்காமல் நேராகக் கல்லறைப் பக்கம் நடக்கிறாள். மெட்ராஸ் மதிப்புரைக்காரர் சிரித்தது இதைப் பார்த்துத்தான். டைம் ஆபீஸ் குமாஸ்தா அந்தத் தாய்க்கு ஒரு ரயில் பயணத்தைக் கொடுத்திருந்தார். தமிழில் ஒரு தாய்க்கு வேறு மாதிரிக் கடிதம் எழுத அவருக்குக் கை வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஒரு அம்மாள் நகர்ந்து இடம் மட்டும் கொடுத்தாள்.

எதிரில் மஞ்சள் போர்டு போட்ட டெலிபோன் கடை. வெளிநாட்டுக்கு லைன் கிடைக்க நாலு முறை சுழற்ற வேண்டியிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் புழுக்கம். பிரெஞ்சுக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்திருக்க வேண்டும். கிடைத்ததா என்றார். பார்த்தேன் என்றேன். அட்டை எப்படி என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். மூச்சை இழுத்துக்கொண்டு, நூற்று நாற்பத்து மூன்று என்றார்.

நான் புத்தகத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

"அந்தப் பக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை" என்றேன்.

நன்றாகப் பார்த்தாயா என்றார். எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டேன், பிழை இல்லை என்றேன். பெருமூச்சு விட்டார். அப்படியானால் அது எனக்கு வேண்டியது இல்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிடு என்றார்.

வைத்துவிடுகிறேன் என்றேன்.